மலைமேல் இருக்கும் புத்தகங்களுக்கு யார் பொறுப்பு?

(தேசிய நூலக வாரத்தையொட்டிக் கொடைக்கானலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வெளியே மழை பிடித்துக்கொண்டிருக்கிறது. அதையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கிற பெரியவர்களுக்கும், ஆசிரியர் அழைத்ததால் வேறு வழியில்லாமல் வந்திருக்கிற மாணவர்களுக்கும் நன்றி.

நூலக வாரக் கூட்டம் என்றால் வாசிப்பின் பெருமையைப் பேசுவது வழக்கம். நான் பணத்தைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் பேசப்போகிறேன். நூலகத்தில் சேர்க்கைப் பதிவேடு எழுதியே காலம் தள்ளியவன் நான். எனக்குத் தெரிந்தது அதுதான்.

இந்த மலையில் இரண்டு அரிய சேகரங்கள் இருக்கின்றன. ஒன்று, நாம் அப்சர்வேட்டரி என்று சொல்கிற வானாய்வகத்தில். சுற்றுலா வருகிறவர்கள் அங்கே அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, மேகம் விலகினால் சூரியனையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதே வளாகத்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட வானியல் நூல்களும் இதழ்களும் நிறைந்த ஒரு நூலகம் இருப்பது இந்த ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. இன்னொன்று, செண்பகனூரில், இயேசு சபையாரின் திருஇருதயக் கல்லூரியோடு சேர்ந்தது. அருங்காட்சியகம் என்று அதையும் எல்லோருக்கும் தெரியும். அங்கே மதுரை மிஷனின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் அடங்கிய ஆவணக் காப்பகம் உண்டு என்பது ஆய்வாளர்களுக்குத்தான் தெரியும். முன்னது மத்திய அரசின் பணத்தில் நடப்பது. பின்னது ஒரு துறவற சபையின் சொத்து. அரசு கையில் வைத்திருப்பதை எப்படிப் பார்த்துக்கொள்கிறது, கையில் இல்லாததை எப்படிப் பார்க்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் வேறு ஊர் தேடிப் போக வேண்டியதில்லை.

முதலில் அப்சர்வேட்டரி. அதன் கதை சென்னையில் தொடங்குகிறது. 1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் வைத்தார். அதைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டு, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. அந்தக் கட்டடத்தின் கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலையில் வானிலை மையத்தின் வளாகத்தில் நிற்கிறது, தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டோடு. ஆக, ஒரு தனி மனிதரின் ஆசை அரசின் பொறுப்பானது. பொறுப்பு கைமாறிய அன்றே சிக்கலும் தொடங்கிவிட்டது.

நார்மன் பாக்சன் அங்கே 1861-ல் பொறுப்பேற்ற ஆண்டே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ஆசியா என்று பெயர் வைத்தார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஓர் ஒளிமாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். இதெல்லாம் பாடப்புத்தகத்துக்குப் பொருத்தமான பெருமைகள். நூலகக்காரனுக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. பாக்சன் 30 ஆண்டு உழைத்துவிட்டு 1891-ல் இறந்தபோது, அவர் அளந்து எழுதிய விண்மீன் கணக்குகளில் பெரும்பகுதி அச்சாகாமல் கிடந்தது. உதவியாளர் போதவில்லை என்பது அவருடைய ஓயாத புகார். பின்னால் வந்த மிக்கி ஸ்மித்தான் அவற்றைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். கருவிக்குக் காசு கிடைத்துவிடும். கருவி பார்த்துச் சொன்னதைக் கணக்கிட்டு, எழுதி, அச்சிட்டு, அடுக்கி வைக்கிற ஆளுக்கு மட்டும் காசு கிடைக்காது. இந்தப் பழக்கம் கம்பெனி காலத்திலிருந்து நம்மோடு வருகிறது.

வானாய்வகம் மலையேறியதற்குக் காரணம் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் இலட்சக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அப்போது நம்பினார்கள். பஞ்ச ஆணையம் சூரியனை ஆராயச் சொன்னது. எந்த மலை உகந்தது என்று மிக்கி ஸ்மித் கோத்தகிரியையும் கொடைக்கானலையும் ஒப்பிட்டுப் பார்த்து இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார். 1895-ல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் 1 அன்று வானாய்வகம் சென்னை மாகாண அரசின் கையிலிருந்து இந்திய அரசின் கைக்குப் போனது. சோற்றுக்கில்லாமல் செத்தவர்களின் பெயரால் கிடைத்த பணத்தில் வளர்ந்தது நம் அப்சர்வேட்டரி என்பதை நான் எங்கே பேசினாலும் சொல்வதுண்டு. பஞ்சத்தை அது தடுத்ததா என்றால், இல்லை. ஆனால் 1904-லிருந்து நாள்தோறும் சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்து வைத்தார்கள். ஒரு நூற்றாண்டுச் சூரியனின் நாட்குறிப்பு அப்படித்தான் உருவானது.

1907-ல் ஜான் எவர்ஷெட் வந்தார். 1909 ஜனவரியில், கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது. அவர் மனைவி மேரியும் வானியல் அறிஞர். இந்த ஊரில் வாழ்ந்த காலத்திலேயே, 1913-ல், இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் வானியலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ரயிலில்லாத மலையூரிலிருந்து இடைக்கால ஐரோப்பாவின் வானியலைப் பற்றி நூல் வெளிவருகிறது, பாருங்கள்.

அந்தக் காலத்து வானாய்வக நூலகங்கள் வளர்ந்ததில் கடையில் வாங்கியதற்கு இணையான பங்கு பரிமாற்றத்துக்கு உண்டு. கொடைக்கானல் தன் ஆய்வு வெளியீடுகளை உலகின் மற்ற வானாய்வகங்களுக்கு அனுப்பும். அவர்கள் தங்கள் வெளியீடுகளை இங்கே அனுப்புவார்கள். பல அச்சுக்குப் போனதே சில நூறு பிரதிகள். கடையில் விற்பனைக்கு வந்ததே இல்லை. இன்று தேடினால் விலைக்கும் கிடைக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

சுதந்திரத்துக்குப் பிறகும் வானிலைத் துறையின் கீழ் இருந்த அப்சர்வேட்டரி, 1971 ஏப்ரல் 1 முதல் இந்திய வானியற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பானது. வைணு பாப்பு அதன் முதல் இயக்குநர். 1975-ல் தலைமையகம் பெங்களூருக்குப் போனது. இன்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதியில் நடக்கிறது. பாப்புவைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் உருவானது அவரால். ஆனால் இயக்குநர் கீழே இறங்கினால் கையெழுத்தும் கீழே இறங்கும், நிதியும் இறங்கும். கொடைக்கானல் நூலகத்தில் இன்று பழைய சேகரம்தான் பெரிது. புதியவை சூரிய இயற்பியல் சார்ந்த கொஞ்ச நூல்கள்தான். நிர்வாகத்தின் பார்வையில் இது கிளை நூலகம். வரலாற்றின் பார்வையில் தாய் நூலகம். பட்ஜெட் எழுதுகிறவர் எந்தப் பார்வையில் எழுதுவார் என்று உங்களுக்கே தெரியும்.

நிறுவனம் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அநியாயம். கண்ணாடித் தகடுகளை உயர்ந்த தரத்தில் டிஜிட்டல் படமாக்கி இணையத்தில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். உலகெங்கும் சூரிய ஆய்வாளர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். சென்னை வானாய்வகக் காலத்து ஆவணங்கள் பலவும் நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. அரசுப் பணத்தில் நடந்த நல்ல காரியம் இது. ஆனால் டிஜிட்டல் ஆக்குவது ஒரு திட்டம். திட்டத்துக்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, பயன்பாட்டுச் சான்றிதழ் உண்டு. தகடுகளையும் தாள்களையும் இந்த ஊர்ச் சாரலிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் ராமபாணப் பூச்சியிலிருந்தும் காப்பாற்றுவதற்கு முடிவே கிடையாது. அடுத்த ஆண்டும் செய்ய வேண்டும், அதற்கடுத்த ஆண்டும் செய்ய வேண்டும். அதற்குத் திறப்பு விழா வைக்க முடியாது, அமைச்சர் வரமாட்டார்.

தொடர்ச்சி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஹார்வர்டு வானாய்வகம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வானத்தைத் தகடுகளில் பிடித்து வந்தது. 1950-களில் அதன் இயக்குநர் டொனால்டு மென்செல் செலவைக் குறைப்பதற்காக அந்த வேலையை நிறுத்தினார். பல ஆண்டு கழித்துத்தான் மறுபடி தொடங்கினார்கள். அந்த இடைவெளியை இன்றும் மென்செல் இடைவெளி என்றே வானியலாளர்கள் அழைக்கிறார்கள். பெரிய விஞ்ஞானி அவர். மிச்சம் பிடித்த பணம் எவ்வளவு என்று இன்று யாரும் பேசுவதில்லை, இடைவெளியைத்தான் பேசுகிறார்கள்.

இனி மேற்பார்வைக்கு வருகிறேன். மத்திய அரசின் பொது நிதி விதிகள் என்று ஒரு நூல் உண்டு. 2017-ல் திருத்தி வெளியிட்டது. மத்திய அரசு அலுவலகங்கள் பேனா வாங்குவதிலிருந்து பாலம் கட்டுவது வரை அதன்படிதான். தன்னாட்சி நிறுவனங்களுக்கும், தனி நிதி விதிகள் அங்கீகரிக்கப்பட்டிருந்தால் ஒழிய, அதுவே பொருந்தும். அதில் 215-ஆம் விதி நூலகங்களைப் பற்றியது. 20,000 நூல் வரை இருந்தால் ஆண்டுதோறும் முழுமையாகச் சரிபார்க்க வேண்டும். 50,000 வரை இருந்தால் மூன்றாண்டுக்கு ஒருமுறை. அதற்கு மேல் போனால் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்த்தால் போதும். படிக்கக் கொடுத்த ஆயிரம் நூலுக்கு ஐந்து காணாமல் போனால் அதை இயல்பான இழப்பு என்று கொள்ளலாம், நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இல்லாதவரை. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ, மதிப்பு எவ்வளவானாலும் அரிய நூலோ தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை எழுதியவர் நூலகம் தெரிந்தவர், சந்தேகமில்லை. ஆனால் அரிய நூல் என்றால் எது என்று அந்த விதி சொல்லவில்லை. முடிவு செய்வது நூலகரின் பொறுப்பு. அவர் பட்டியல் போட்டு, இது அரியது என்று முன்கூட்டியே குறித்து வைத்திருந்தால்தான் தொலைந்த அன்று அது அரிய நூல். குறிக்காவிட்டால் ஆயிரத்தில் ஐந்து. சற்று முன் சொன்ன பரிமாற்ற வெளியீடுகளை இப்போது நினைத்துப் பாருங்கள். அவை விலை கொடுத்து வாங்கியவை அல்ல, ரசீதும் இல்லை. பதிவேட்டில் விலை எழுத வேண்டிய இடத்தில் எழுத ஒன்றுமில்லை. ஆயிரம் ரூபாய் வரம்பு அவற்றைத் தொடாது. உலகத்தில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வெளியீடு, கணக்குப் புத்தகத்தில் பூஜ்யத்துக்குச் சமமாகிவிடுகிறது. ஆகவே எந்த நூலகத்தில் அரிய நூல் பட்டியல் தனியாக, இன்றைய நிலைக்கு ஏற்றபடி இல்லையோ, அங்கே அரசின் மேற்பார்வை என்பது தணிக்கைக்காரர் எண்ணிப் பார்ப்பதோடு நின்றுபோகும்.

பட்டியலும் அடையாளமும் ஏன் முக்கியம் என்பதற்குத் தஞ்சாவூர் சாட்சி. தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்ற பாதிரியார் 1715-ல் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் ஒரு பிரதி சரசுவதி மகால் நூலகத்தில் இருந்தது. சரபோஜி மன்னரின் கையொப்பம் பட்ட பிரதி. 2005-ல் அது காணாமல் போனது. போலீசில் புகார் கொடுத்தார்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்று வழக்கை மூடினார்கள். பின்னால் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு கையிலெடுத்தது. பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டி, அந்த நாட்களில் வெளிநாட்டவர் சிலர் வந்து போனதைக் கண்டார்கள். 2022-ல், அந்தப் பிரதி லண்டனில் ஒரு சேகரத்தில் இருப்பதை இணையத்தில் கண்டுபிடித்தார்கள். அடையாளம் காட்டியது மன்னரின் கையொப்பம். 1918 முதல் பொதுமக்களுக்கு உரியதாக அரசின் பொறுப்பில் இருக்கிற நூலகம் அது. அரசுக் கட்டடமும் அரசுப் பூட்டும் புத்தகத்தைக் காப்பாற்றவில்லை. ஒரு பதிவேடும் ஒரு கையொப்பமும் சேர்ந்து 17 ஆண்டு கழித்து அதன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தன. நம் அப்சர்வேட்டரி நூல்களில் எந்த மன்னரும் கையொப்பம் போடவில்லை.

சட்டம் போட்டால் தீருமா என்று கேட்பீர்கள். பாட்னாவின் குதா பக்ஷ் நூலகத்துக்கு 1969-லும், ராம்பூர் ரசா நூலகத்துக்கு 1975-லும் நாடாளுமன்றம் தனித்தனிச் சட்டம் இயற்றியது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அறிவித்து, மாநில ஆளுநர் தலைமையில் வாரியமும் அமைத்தது. சரசுவதி மகாலுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. கொடைக்கானலுக்கும் இல்லை. கேட்கலாம், கேட்க வேண்டியதுதான். ஆனால் 2021-ல் பீகார் அரசு மேம்பாலம் கட்டுவதற்காக அதே குதா பக்ஷ் நூலகத்தின் கர்சன் வாசிப்புக்கூடத்தை இடிக்க முனைந்தது. பலத்த எதிர்ப்பு எழுந்தது. நாடாளுமன்றச் சட்டம் இருந்த நூலகத்தின் வாசல் வரைக்கும் புல்டோசர் பேச்சு வந்தது என்றால், சட்டத்தை மட்டும் நம்பி உட்கார முடியாது.

மாநிலத்தின் பக்கம் வருவோம். 1948-ல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் முயற்சியால் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. நீங்கள் கட்டுகிற சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் கட்டுகிறீர்கள். அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்வதில் உள்ளாட்சிகள் காட்டும் சுணக்கம் தனிக்கதை, இன்று வேண்டாம். அந்தப் பணம் பொது நூலகங்களுக்கு. அதாவது, இந்த மலையில் எத்தனை விடுதிகள் எழும்பி எவ்வளவு வரி கட்டினாலும், இந்த மலையின் அரிய சேகரங்களுக்கு அதிலிருந்து ஒரு பைசா போக வழியில்லை.

சரி, மத்திய அரசின் சுவடித் திட்டங்கள்? 2003-ல் தேசிய சுவடிகள் இயக்கம் வந்தது. 2025 பட்ஜெட்டில் ஞான பாரதம் என்று பெயர் சூட்டி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளை எட்டுவோம் என்றார்கள். மகிழ்ச்சி. ஆனால் சுவடி என்பதற்கு அந்த இயக்கம் வைத்த வரையறை, 75 ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்துப் படைப்பு என்பது. அச்சு நூல் சேராது. வரலாற்றுப் பதிவேடுகளும் தனிவகை என்று ஒதுக்கிவிட்டார்கள். ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் உதவி பொது நூலகங்களைக் கருதியது. இப்போது இந்த மலையில் இருப்பதைப் பாருங்கள்: பழைய வானியல் அச்சு நூல்கள், சூரியத் தகடுகள், மிஷன் கடிதங்கள், தாவரங்களின் வண்ண ஓவியங்கள். எல்லாத் திட்டங்களும் அரிய சேகரங்களைக் காக்கத்தான் வந்தன. நம்முடையவை எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் அடங்குவதில்லை.

செண்பகனூரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது 1606-ல். 1773-ல் இயேசு சபையை ரோம் கலைத்தது. மீண்டும் உயிர்பெற்ற சபையின் பிரெஞ்சுத் துறவிகள் 1838-ல் மதுரை மிஷனைப் புதுப்பித்தார்கள். 1895-ல் செண்பகனூரில் கல்லூரி தொடங்கினார்கள். கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்ற சண்டையிலிருந்து, மழை பொய்த்தது, கொள்ளைநோய் வந்தது, ஜமீன்தார் என்ன சொன்னார் என்பது வரை அந்தத் துறவிகள் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். பிரெஞ்சு, இலத்தீன், தமிழ் என்று பல மொழிகளில். மறவ நாட்டின் சமூக வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தக் காகிதங்களைத் தவிர்க்க முடியாது. மானிடவியலாளர் டேவிட் மோஸ் 2012-ல் தமிழகக் கிராமக் கத்தோலிக்கத்தைப் பற்றி எழுதிய நூலுக்கு அந்தக் காப்பகம் ஒரு பெரிய ஆதாரம். நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே போய் உட்கார்ந்து படித்தார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை, கூட்டத்தைச் சங்கடப்படுத்த விருப்பமில்லை.

அதே செண்பகனூரில் அங்ளாட் என்ற பாதிரியார் இந்த மலையின் செடிகொடிகளை வரைந்தார், கல்திட்டைகளைத் தேடி நடந்தார். அவரும் நியூட்டன் என்ற இன்னொரு பாதிரியாரும் சேர்ந்து பழனிமலைக் கல்திட்டைகளைப் பற்றி எழுதியதை 1928-ல் இந்தியத் தொல்லியல் துறையே தன் வெளியீட்டு வரிசையில் 36-ஆம் எண்ணாக அச்சிட்டது. அரசுக்கும் செண்பகனூருக்கும் இப்படி ஓர் உறவு இருந்திருக்கிறது. அரசு அவர்களிடமிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அச்சுச் செலவை ஏற்றது, உலகத்துக்குக் கொடுத்தது.

இன்று அரசு உதவி என்று பேச்செடுத்தாலே, தனியார் சேகரம் வைத்திருப்பவர்கள் தயங்குகிறார்கள். சபைகள், ஆதீனங்கள், வீட்டுப் பெட்டியில் ஏடு வைத்திருக்கும் வைத்தியர்கள், எல்லோருக்கும் ஒரே பயம்: இன்று உதவி என்பார்கள், நாளைக்குச் சாவி கேட்பார்கள். இந்தப் பயத்தைப் பழமைவாதம் என்று சிரித்துத் தள்ள நான் தயாரில்லை. தஞ்சாவூர்ச் செய்தி அவர்களும் படித்திருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 75 ஆண்டு கடந்த மதிப்புமிக்க கையெழுத்து ஆவணத்தையும் தொல்பொருளாகக் கொள்கிறது. தனியார் அதை நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. சரியான தடைதான். ஆனால் வெளியே போகக்கூடாது என்று தடுக்கிற அரசு, உள்ளே அது பூசணம் பூக்காமல் இருக்க என்ன செய்தது? தடுக்கிற கை கொடுக்கவும் வேண்டும். உரிமையைக் கேட்காமல் கொடுக்க வேண்டும். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு, மின்கட்டணத்துக்கு, பட்டியல் எழுதுகிற ஒருவரின் சம்பளத்துக்கு. பதிலுக்கு அரசு கேட்கத்தக்கது இரண்டுதான்: பட்டியலை வெளியிட வேண்டும், படிக்க வருகிறவரை உள்ளே விட வேண்டும்.

ரோஜா முத்தையாவின் சேகரம் நினைவிருக்கும். கோட்டையூரில் தனி மனிதராகச் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. வாங்கியதைக் கப்பலேற்றாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. நம் அதிர்ஷ்டம். அப்போது நம் அரசுகளிடம் அந்தப் பணம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். வாங்குவதற்குரிய தலைப்பு பட்ஜெட்டில் இருந்திருக்காது, அவ்வளவுதான்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லிவிட்டு முடிக்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மத்திய அரசு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் 10 ரூபாய். வானியற்பியல் நிறுவனத்தை மூன்று கேள்வி கேளுங்கள். கொடைக்கானல் நூலகத்தில் 215-ஆம் விதிப்படி கடைசியாகச் சரிபார்ப்பு நடந்தது எப்போது? அரிய நூல்களின் தனிப்பட்டியல் உண்டா, உண்டென்றால் நகல் தர முடியுமா? அந்த நூலகத்துக்கென்று நிரந்தர நூலகர் பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை? பதில் வர 30 நாள் வரை ஆகலாம். வந்ததும் உங்கள் ஆசிரியரிடம் கொடுத்து ஒரு நகலை இந்த ஊர்க் கிளை நூலகத்தில் வையுங்கள். செண்பகனூருக்கு அந்தச் சட்டம் செல்லாது. அங்கே மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, அனுமதி வாங்கிக்கொண்டு, பேனாவுக்குப் பதில் பென்சிலோடு போக வேண்டும். காப்பகத்துக்குள் மை ஆகாது.